காலில் விழ விடாத அக்கா

எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அக்காவின் காலில் யாரும் விழுந்துவிட முடியாது. முயற்சி செய்து பார்த்தவர்கள் நிறையப் பேர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகிற நாளில் ஒவ்வொரு சார் காலிலும் டீச்சர் காலிலும் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வார்கள். நான் வேதக்காரி, என்னிடம் திருநீறு கிடையாது. தலையில் கை வைத்து ஒரு ஜெபம் சொல்லி அனுப்புவேன். கடைசியில் கும்பலாகச் சமையல்கூடத்துக்கு ஓடுவார்கள். அக்கா அரிசி மூட்டை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலையை இழுத்து இரண்டு பாதத்தையும் மூடிக்கொள்வார். நின்றுகொண்டே கும்பிடுங்கள் போதும், நல்லாப் படியுங்கள், போங்கள் என்பார். அவ்வளவுதான் ஆசீர்வாதம்.

எரியோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர். பெயர் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். மாற்றல் வாங்கி டவுனுக்கே வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அடுத்து வருவது இந்த அக்கா.

சமையலம்மாவின் தம்பிக்கு வேடசந்தூர் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. சமையலம்மா என்றால் அக்காவுக்குக் கீழே சத்துணவு சமைக்கிறவர், ஊருக்கு மேற்கே காலனியிலிருந்து வருவார். பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் வரிசையாக விழுந்துகொண்டு வர, அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு அதற்குப் பின்னால் நின்றுகொண்டார். நாற்காலிக்கு மேலே கையை நீட்டி அட்சதை போட்டார். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பிடித்துக்கொண்டேன். சின்னஞ்சிறுசுகள் ஆசையாகக் குனிகிறார்கள், அதைக்கூட வாங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு என்ன திமிர் என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். என் வாயைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

“குனிஞ்ச முதுகப் பாத்தா எனக்கு ஆகாது டீச்சர்” என்றார்.

ஒல்லியான உடம்பு. அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். சமையல்கூடத்திலிருந்து அவர் உப்பு கேட்டால் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வருடா வருடம் அம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பார். பிள்ளைகள் குனிந்த தலையோடு தட்டை நீட்டினால் சோறு போட மாட்டார். மூஞ்சியைக் காட்டு என்பார். நிமிர்ந்து பார்த்த பிறகுதான் கரண்டி இறங்கும். பசியோடு நிற்கிற பிள்ளையிடம் இதென்ன அதிகாரம் என்று தலைமையாசிரியர்கூட ஒருமுறை முணுமுணுத்தார். அக்காவின் காதில் விழுகிற மாதிரி சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவித்த முட்டையைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு போய் அகப்பட்டுக்கொண்டாள். பிடிபட்டதும் பொத்தென்று அக்காவின் முன்னால் விழுந்து, இனிமேல் செய்ய மாட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று அழுதாள். அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்தார். எழுந்திரு, நின்று சொல்லு, என்ன பண்ணினாய் என்றார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து, வீட்டில் தம்பி இருக்கிறான், அவனுக்காக எடுத்தேன் என்று சொன்னாள். கேட்டிருக்கலாம் இல்லையா என்றார் அக்கா. ஆமாம் என்றாள். சரி போ என்று விட்டுவிட்டார். மறுநாள் அவள் தட்டில்தான் முதல் முட்டை விழுந்தது. அந்தப் பேச்சை அக்கா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த ஊரில் மன்னிக்கத் தெரியாதவள் என்று பெயர். கல்நெஞ்சுக்காரி, ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுத்து என்ன பிரயோசனம் என்று பொம்பளைகள் குழாயடியில் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் செய்ததை அவள் உங்களுக்குச் செய்திருந்தால் தெரியும் என்று சொல்ல வாய் துறுதுறுக்கும்.

அந்த ஊர் அவருக்கு என்ன செய்தது என்பதை ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே சொன்னார். புளி கரைப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அவருடைய புருசன் கத்தரிக்காய் மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். ஊரைத் தாண்டினதும் வருகிற வளைவில் குட்டியானை லோடு வண்டி ஒன்று அடித்துப் போட்டுவிட்டது. ஓட்டினவன் ராத்திரி குடித்த போதை தெளியாதவன். வேறு யாருமில்லை, பங்காளி வீட்டுப் பையன், அக்காவுக்குக் கொழுந்தன் முறை. வண்டியை நிறுத்தி இறங்கி வந்து குனிந்து பார்த்திருக்கிறான். மூச்சு இருந்திருக்கிறது. அண்ணன் என்று தெரிந்திருக்கிறது. ஏறிப் போய்விட்டான். ஆட்டுக் கிடையில் படுத்திருந்த இரண்டு பேர் தூரத்திலிருந்து இதைப் பார்த்தார்கள். அவர்கள் ஓடி வந்து, ஆள் தேடி, ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். போலீஸ் கேஸ் போட்டது. அந்த இரண்டு பேரும் சாட்சி.

ஊரில் ஒரு வழக்கம். வைகாசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊருக்குள் பகை எதுவும் நிற்கக் கூடாது. பெரிய மனிதர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கோயில் முன்னால் கூப்பிடுவார்கள். தப்புச் செய்தவன் காலில் விழ வேண்டும். தப்புக்கு ஆளானவர் அவனைத் தூக்கிவிட்டு நெற்றியில் திருநீறு பூச வேண்டும். மற்றவர் தூக்கக் கூடாது. பூசாரி தீர்த்தம் தெளிப்பார், கொட்டு அடிப்பார்கள், பெண்கள் குலவை போடுவார்கள், பகை தீர்ந்தது. வரப்புத் தகராறுக்கும் வாய்ச்சண்டைக்கும் இது நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ரோட்டில் சாகக் கிடந்தவனைப் போட்டுவிட்டுப் போனதற்கும் அதே கணக்கு என்றபோதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா வர மாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். கூடப்பிறந்த அண்ணன்தான் வந்து கூப்பிட்டார். உன் ஒருத்தியால் ஊர்த் திருவிழா நிற்கிறது, மழையே இல்லை, கிணறெல்லாம் பாறை தெரிகிறது, ஆத்தா கோபம் ஊர் மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று பேசிப் பேசிக் கூட்டிப்போனார். போய் நிற்போம், வாயைத் திறக்க வேண்டாம், அவனைத் தொட வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டுதான் அக்கா போனாராம். அவன் தடாலென்று விழுந்தான். அவன் அம்மாவும் பக்கத்தில் விழுந்தாள். அண்ணன் பின்னால் நின்று தோளை அமுக்கினார்.

“பிள்ள தடுக்கி விழுந்தா கை தானா போகுதுல்ல டீச்சர், அப்படிப் போயிருச்சு. புத்தி வேண்டாங்குது. கை போயிருச்சு.”

விரல் அவன் தோளில் பட்டதுதான் தாமதம், கொட்டு முழங்கியது. யாரோ அவர் கையைப் பிடித்துத் திருநீற்றுத் தட்டில் வைத்து, அதே கையை அவன் நெற்றியில் கொண்டுபோய் வைத்தார்கள். குலவைச் சத்தத்தில், நான் மன்னிக்கலை என்று அக்கா சொன்னது அவருக்கே கேட்கவில்லையாம்.

பிறகு கோர்ட்டில் அந்த இரண்டு பேரும் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள் என்று நினைத்தீர்களானால் இல்லை. அவர்கள் பயந்த சீவன்கள். புருசனைப் பறிகொடுத்தவளே ஆத்தா முன்னால் தூக்கிவிட்டுத் திருநீறு பூசிவிட்டாள், அதற்கு மேல் சாட்சி சொன்னால் சாமி குத்தம் ஆகிவிடும், பிள்ளைகுட்டிகளுக்கு ஆகாது என்று அக்கா வீட்டு வாசலிலேயே வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கேஸ் நிற்கவில்லை. மறுவருடத் திருவிழாவில் அந்த வண்டிக்காரனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அண்ணி மன்னித்த தம்பி அல்லவா.

அவன் அக்காவைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். நானே பார்த்திருக்கிறேன். என்ன மதினி, சாப்டாச்சா என்பான். ஒளிவது கிடையாது, தலையைக் குனிவது கிடையாது. நானாக இருந்தால் கையிலிருக்கிற குடையை வீசியிருப்பேன். அக்கா பதில் சொல்லாமல் நடப்பார். உங்களுக்கு ஆத்திரமே வராதா என்று நான்தான் கத்துவேன். அவன்மேல் என்ன டீச்சர் தப்பு, மன்னித்தவளிடம்தானே பேசுகிறான் என்பார்.

ஆனால் சாமியை அவர் விடவில்லை. அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. அதே கோயில், அதே அம்மன், அதே வாசல். எப்படி அங்கே போய் நிற்க முடிகிறது என்று கேட்டேன். ஆத்தா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் ஆட்கள் என்றார். அதோடு விடாமல் சூடாகவே சொன்னார்.

“பிள்ளைக முட்டைய எடுத்தா சாமி கண்ணக் குத்தும்னு சொல்லுவாக. பெரிய மனுசன் ஆளக் கொன்னா மட்டும் சாமி மன்னிக்கச் சொல்லுதா? ரெண்டும் ஒரே சாமிதான டீச்சர்?”

என்னிடமும் அவர் சும்மா இருக்கவில்லை. நான் திண்டுக்கல்லில் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். எத்தனை தடவை என்று எண்ணாமல் மன்னிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டவள். எங்கள் மதத்தில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது, பாவம் செய்தவன் குருவானவரிடம் தனியாகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வான், கடவுள் மன்னிப்பார், ஊரைக் கூட்டி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அவன் உங்க சாமியார்ட்டப் போய்ச் சொல்லுறான்னு வைங்க. என்னையக் கேக்காமலே அவரு மன்னிச்சிருவாரா?”

அப்படியில்லை, பரிகாரம் என்று ஒன்று உண்டு, மனஸ்தாபப்பட வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

“அப்ப எங்க ஊரே தேவல. எங்கள்ல என் கையப் பிடிச்சு இழுத்தாச்சும் வாங்குனாக.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்கச் சமையல்கூடத்துப் பக்கம் போகவில்லை. டிபன் பாக்ஸை வகுப்பிலேயே திறந்து தின்றேன். என் வேதத்தைப் பற்றிப் பேச இவள் யார் என்று ஒரே கொதிப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசையில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற என் அம்மா முழங்கையால் இடித்தாள்.

அக்காவின் பக்கம் எப்போதும் நியாயம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அண்ணன், தோளை அமுக்கினவர், கல்லீரல் கெட்டு வயிறு வீங்கிப் போய் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நடக்க முடியாமல் பையன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். வந்தவர் சமையல்கூட வாசலிலேயே கையை ஊன்றிக் குனியப் பார்த்தார். அக்கா ஓடிப்போய் என் வகுப்பு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு, உட்கார் என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். எதிரே முக்காலியில் உட்கார்ந்து, இப்பச் சொல்லு, என்ன பண்ணினாய் என்றார். அவர் எல்லாத்தையும் மன்னிச்சிரு தாயி என்றார். எல்லாத்தையும் என்றால் எதை என்றார் அக்கா. அவர் மறுபடியும் எல்லாத்தையும் என்றார். மூன்று தடவையோ நாலு தடவையோ இதே பேச்சு. கடைசியில் அவர் அழுதுகொண்டே பைக்கில் ஏறிப் போனார். அந்த மாதமே செத்துப் போனார்.

எழவு முடிந்து வந்த அன்றைக்கு நான் அக்காவைக் கிழி கிழியென்று கிழித்தேன். சாகப் போகிற மனிதனிடம் என்ன வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னீர்கள், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் சொத்தா குறைந்துபோயிருக்கும் என்றேன். அக்கா எழவு வீட்டுக்குப் போய் மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்திருந்தார். தங்கச்சி முறை எதையும் விட்டு வைக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன் டீச்சர். உன் தோளப் பிடிச்சு அமுக்குனது நான்தான்னு ஒத்த வார்த்த. அது அவன் வாயில வரல. விழத்தான வந்தான்.”

அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பியைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் இருந்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அடுத்த வருடம்தான் கணக்கு சார் விவகாரம் வந்தது.

கணக்கு சாரைக் கெட்டவர் என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கார்த்திகையில் மாலை போடுவார், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார், வறுமைப்பட்ட பிள்ளைகளுக்குச் சொந்தச் செலவில் நோட்டு வாங்கித் தருவார். சமையலம்மாவின் மகள் ஏழாம் வகுப்பு, நல்ல புத்திசாலி. கரும்பலகையில் சார் போட்ட கணக்கில் ஒரு தப்பு. அவள் எழுந்து சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சார் அவளை அருகில் கூப்பிட்டார். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு அந்த அடியின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு ஓடினேன். செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனி முழுசாகக் கேட்காது என்றார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா சமையலம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நானும் போனேன். புகார் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது.

கோபத்தில் கை நீண்டுவிட்டது என்றார்கள். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் என்றார்கள். வேலை போய்விடும், குடும்பம் தெருவுக்கு வந்துவிடும், அந்தப் பாவம் யாரைச் சேரும் என்றார்கள். வைகாசி நெருங்குகிறது, காப்புக் கட்ட வேண்டாமா என்றார்கள். சமையலம்மாவின் புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், அவனுக்கும் போன் போட்டார்கள். தினமும் ஒரு ஆள், தினமும் ஒரு அறிவுரை. அடி வாங்கின பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்க ஒரு நாதி இல்லை. என்னிடம் தலைமையாசிரியர் வந்து, உங்கள் மதமே மன்னிப்புதானே டீச்சர், நீங்கள் சொன்னால் அந்தம்மா கேட்கும் என்றார். என் மதத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு அக்கறை வந்தது அதுதான் முதல் தடவை. சார், நீங்கள் முதலில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். அவருக்குத் தெரியவில்லை.

சமையலம்மா இளகிக்கொண்டே வந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சார் உன் காலில் விழத் தயார் என்கிறார், அம்புட்டுப் பெரிய வீட்டு ஆள் காலனிக்கு முன்னால் குனிகிறேன் என்கிறார், இதற்கு மேல் உனக்கு என்ன மரியாதை வேண்டும் என்று ஊரார் சொல்லிச் சொல்லி, சமையலம்மா ஏதோ வரம் கிடைக்கப் போகிறவர் மாதிரி ஆகிவிட்டார். என்னக்கா செய்ய, அம்புட்டுத் தூரம் இறங்கி வாராரே என்று அக்காவிடம் கேட்டார். அக்கா பருப்பை வேகமாகக் கிளறினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, உலை கொதிக்கிற நேரத்துக்கு வந்தார்கள். தலைமையாசிரியர், கோயில் கமிட்டிப் பெரியவர்கள் இரண்டு பேர், கணக்கு சார். சார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். ஒரு பெரியவர் கையில் திருநீற்றுத் தட்டு. புகாரைத் திரும்பப் பெறுகிற காகிதம் தலைமையாசிரியர் பையில் தயாராக இருந்தது, நுனி வெளியே தெரிந்தது. அந்தப் பிள்ளை காதில் பஞ்சோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை.

சார் அப்படியே நெடுஞ்சாண்கிடையாகச் சமையல்கூடத்துத் தரையில் விழுந்தார். சமையலம்மாவுக்கு உடம்பெல்லாம் ஆடியது. ஐயோ சார், எந்திரிங்க சார் என்று அவர் கை நீளுவதை நான் பார்த்தேன். பின்னாலிருந்து அக்கா அந்த இரண்டு மணிக்கட்டையும் பிடித்துவிட்டார்.

“போகும். கை போகத்தான் செய்யும். நீ விடாத.”

பெரியவர், தூக்கி விடும்மா, தூக்கிவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடு, முடிந்துபோகும் என்றார். சமையலம்மா முன்னால் சாய்ந்தார். அக்கா இழுத்துப் பிடித்தார். தலைமையாசிரியர் பொறுக்க முடியாமல் குனிந்தார், நீங்கள் தூக்கக் கூடாது சார் என்று பெரியவர் தடுத்துவிட்டார். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன். கஞ்சித் தண்ணீர் ஓடிவந்து சாரின் வேட்டியை நனைத்தது. அவர் அப்படியே கிடந்தார். தூக்குவதற்கு ஆள் வரும் என்று கிடந்தார். பிறகு லேசாகத் தலையைத் தூக்கி, இப்போது என்ன செய்வது என்பது போலப் பெரியவரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பிலும் கோபம்தான் இருந்தது.

அக்கா பிடியை விடாமலே சொன்னார். இந்தத் தடவை அந்தப் பெரிய குரல் இல்லை.

“எந்திரிங்க சார். எந்திரிச்சு நின்னு, பிள்ளைய எதுக்கு அடிச்சீங்கன்னு அது மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. கேட்டுட்டு மன்னிக்கிறதா வேண்டாமான்னு அது சொல்லட்டும். அதுக்குத்தான காது போச்சு.”

சார் கையை ஊன்றித் தானாக எழுந்தார். அந்த ஊரில் பகை தீர்க்க விழுந்த ஒருத்தர் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வேட்டியைப் பிழிந்துகொண்டார். வாசலில் நின்ற பிள்ளையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பெரியவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“காலனிக்காரி கால்ல விழுந்தேன்ல, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.”

சமையலம்மாவின் நடுக்கம் அப்போது நின்றது. அவர் தலைமையாசிரியரைப் பார்த்து, கேஸ் இருக்கட்டும் சார் என்றார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. காகிதத்தைப் பைக்குள் தள்ளிக்கொண்டு அவர்கள் வெளியேறினார்கள். அந்த வைகாசியிலிருந்து அக்கா வீட்டில் ஊர் கோயில் வரி வாங்கவில்லை. வாங்காவிட்டால் ஊரில் ஒருத்தி இல்லை என்று அர்த்தம். அதைப் பிறகு கேள்விப்பட்டபோதும் நான் கொதித்தேன். அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகும் அக்கா பிடித்த பிடியை விடவில்லை. விடுங்கக்கா, வலிக்குது என்றார் சமையலம்மா. அக்காவுக்கு விரல் பிரியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். சமையலம்மாவின் மணிக்கட்டுகளில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. வளையல் இரண்டு உடைந்து கீழே கிடந்தது. பிள்ளை ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எழவு வீட்டு அழுகை எனக்குத் தெரியாது. இது சத்தமில்லாமல் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“அன்னைக்குக் கோயில்ல அம்புட்டுப் பொம்பளைக சுத்தி நின்னாளுக டீச்சர். என் கைய ஒருத்தி பிடிச்சிருக்கலாம்ல.”